ரிவேர்ப்பை மட்டும் கழட்டாதேங்கோ!

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், என் சொந்த வீட்டில், என் சொந்தக் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து நின்றேன்.

பாம்பைக் கண்டேனா? இல்லை. நிலம் நடுங்கியதா? அதுவும் இல்லை. மேசையிலிருந்த ஒரு பழைய லேப்டொப் 'டிக்... டிக்டிக்... ட்ர்ர்ர்... டிக்' என்றது. அவ்வளவுதான்!

வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில் இப்படியா என்று என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால்... லேப்டொப்பின் சொந்தக்காரியும் எழுந்து நிற்கிறார். அவருடைய கதிரை பின்னால் விழுந்து கிடக்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை.

ஒரு சின்னச் சத்தத்துக்கு ஒரு அறையில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே நேரத்தில் துள்ளினால் என்ன அர்த்தம்? ஒன்று, இருவருக்கும் பைத்தியம். அல்லது இருவரும் கண்டியில் கொஞ்சக் காலம் வாழ்ந்திருக்கிறார்கள்.

வந்திருந்தவர் நஸ்ரினா டீச்சர். அக்குறணையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறார். பிறந்த ஊர் திகன. இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர். ஒரு காலத்தில் நான் வீட்டிலேயே பாட்டுகளை மிக்ஸ் பண்ணித் திரிந்தவன் என்று எப்போதோ பெருமையடித்து எழுதியிருந்தேன். வாசகர்கள் நம்முடைய நல்ல கருத்துகளை மறந்துவிடுவார்கள், பெருமையடித்ததை மட்டும் மறக்க மாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அம்பிட்டிய மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார்.

பிரச்சினை இதுதான். தன் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கேட்பதற்காக டீச்சர் கதைகளைத் தன் குரலில் பதிவு செய்கிறார். பின்னால் கொஞ்சம் இசை, காக்காய்ச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் சேர்க்கிறார். நல்ல காரியம். ஆனால் லேப்டொப் கிழடு. ப்ளக்-இன் போட்டால் படுத்துவிடுகிறது.

ப்ளக்-இன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸிங் செய்யும் மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள் அவை. ஒன்று குரலின் கரகரப்பைக் குறைக்கும், அது ஈக்யூ. ஒன்று ஏறி இறங்கும் சத்தத்தைச் சமப்படுத்தும், அதன் பெயர் கம்ப்ரஸர். இன்னொன்று, குளியலறையில் பாடியதைக் கோயில் மண்டபத்தில் பாடியதுபோல் முழங்க வைக்கும். அதுதான் ரிவேர்ப். ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். நாமோ, சும்மா கிடைக்கிறதே என்று கல்யாண வீட்டு புஃபேயில் தட்டை நிரப்புகிற மாதிரி நிரப்பிவிடுவோம். பாவம் அந்தப் பெட்டி, சுமக்க முடியாமல் விக்கும். அந்த விக்கல்தான் 'டிக்... டிக்டிக்...'

"எந்த ப்ளக்-இன் போடுற, எத விடுற சேர்? எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. நல்ல மெஷின் ஒண்ணு நானாட கடையில வச்சிருந்தேன். அது... அந்த நேரம் போச்சு தானே."

நானா என்றது அவருடைய அண்ணனை. எந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. முஸ்லிம் கடைகளை எரித்த கலவரத்துக்குப் பிறகு, திகனக்காரர்கள் 'அந்த நேரம்' என்றால் எந்த நேரம் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

விழுந்த கதிரையைத் தூக்கி வைத்தேன். டீச்சர் தண்ணீர் குடித்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"சேர், அஸ்பெஸ்டஸ் ஷீட் பத்தினா இப்பிடித்தான் கேக்கும். டிக் டிக்குனு ஒவ்வொண்ணா வெடிக்கும். நானாட கடை எரியக்குள்ள நாங்க பக்கத்து வீட்டுக்குள்ள லைட்ட நூத்துப் போட்டு இருட்டுல இருந்தோம். ஒண்ணும் பாக்கல்ல. சத்தம் மட்டும்தான் கேட்டோம்."

ஓட்டைக் கம்ப்யூட்டரின் விக்கலுக்குள் ஒரு கடை எரிகிறதா?

"நான் சரி... நீங்க ஏன் சேர் எழும்பின?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். யோகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம். டவுனில் ஒரு போர்டிங்கில் இருந்தார். அளந்து பேசுவார், மடிப்புக் கலையாத ஷேர்ட் போடுவார், பஸ்ஸில் கிழவிகளுக்கு எழுந்து இடம் கொடுப்பார். பாட ஆரம்பித்தால் மட்டும் ஆள் வேறு. பிடிவாதமென்றால் அப்படி ஒரு பிடிவாதம்!

அவருடைய மனைவி முதல் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். போனதன் பின்னால், யுத்தத்தால், யாழ்ப்பாணம் போகும் றோட்டை மூடிவிட்டார்கள். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள்... அப்பா கண்டியில். கப்பலில் போகலாம், விமானத்தில் போகலாம் என்று சொல்வார்கள். அதற்கு அனுமதி, அந்த அனுமதிக்கு இன்னொரு அனுமதி. போனால் திரும்பி வர இயலுமா என்பது வேறு கதை. திரும்பி வராவிட்டால் உத்தியோகம் இல்லை, உத்தியோகம் இல்லாவிட்டால் மூன்று வாய்க்குச் சோறு இல்லை.

ஆகவே யோகன் ஒரு முடிவு எடுத்தார். மகளுக்கு ஒரு தாலாட்டுப் பாட்டைத் தானே எழுதி, தானே பாடி, சிடியில் அனுப்புவது. டெலிபோன் லைன் கிடைப்பதே அபூர்வம்; முகம் தெரியாவிட்டாலும் குரலாவது தெரியட்டுமே! அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக்கு வருவார்.

என்னுடைய 'ஸ்டூடியோ' எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வீட்டின் கடைசி அறை. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அடுக்கும் அட்டைகள். றோட்டுச் சத்தம் வராமலிருக்க ஜன்னலுக்கு இரண்டு கம்பளி. நிலமெல்லாம் வயர். மேசையில் ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், மேலே சொன்னேனே, டீச்சரின் லேப்டொப், அதைவிடக் கிழடான ஒரு பென்டியம் கம்ப்யூட்டர். யுத்த காலத்தில் ஒரு தமிழன் வீட்டில் இப்படி ஒரு அறை இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கலைஞர்களுக்கு இதெல்லாம் எங்கே தோன்றுகிறது!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, யோகன் கடைசியாக ஒருமுறை பாடி முடித்திருந்தார். முன்பே பதிந்து வைத்திருந்த புல்லாங்குழலையும் தபேலாவையும் சேர்த்து மிக்ஸிங் தொடங்கினோம். அவருக்கு ஒரு ரிவேர்ப் பிடித்துப் போயிருந்தது. உண்மையான ஒரு பெரிய மண்டபத்தின் முழக்கத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் வகை. கேட்க அற்புதம். ஆனால் யானைக்குத் தீனி போடுகிற மாதிரி... என் பென்டியத்தின் முக்கால் பலத்தை அது ஒன்றே விழுங்கிவிடும்.

"யோகன், இது வேணாங்க. சின்ன ரிவேர்ப் ஒன்னு இருக்கு, மெஷினுக்குப் பாரமில்ல."

"இல்லை அண்ணை. அது பக்கெட்டுக்குள்ளை நிண்டு பாடுற மாதிரி இருக்கு. இதுதான் வேணும்."

எத்தனை ஞாயிறு இதே சண்டை! ஒரு தாலாட்டுக்கு எதற்கையா மண்டபம்? பிள்ளை தூங்க வேண்டுமா, எழுந்து கும்பிட வேண்டுமா?

அப்போதுதான் என் மனைவி கதவைத் திறந்தார். "என்னங்க... வந்துட்டாங்க."

யார் வந்தார்கள் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த வாரம் வெளியூரில் எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. எங்கே வெடித்தாலும் எங்கள் ஒழுங்கையில் சோதனை நடக்கும். வீடு வீடாக வருவார்கள். தமிழ் வீடு என்றால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள்.

மனைவிக்குப் பின்னாலேயே ஒரு பொலிஸ் சார்ஜண்ட் வந்துவிட்டார். தடித்த ஆள், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவடியில் துவக்கோடு ஒரு ராணுவச் சிப்பாய்.

சார்ஜண்ட் சுவரைப் பார்த்தார். ஜன்னல் கம்பளியைப் பார்த்தார். வயர்களைப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் குரல் அலை அலையாக ஓடியிருந்ததைப் பார்த்தார். பிறகு யோகனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

யோகன் அடையாள அட்டையைக் கொடுத்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் இருந்த விலாசமோ டவுன் போர்டிங். இங்கே அம்பிட்டியவில், ஜன்னலை மூடிய ஒரு அறைக்குள், இந்த மனிதருக்கு என்ன வேலை?

சார்ஜண்ட் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் ஷேர்ட் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். என் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் அடையாள அட்டை அவர்களுடைய பொக்கெட்டுக்குள் போனால், அடுத்ததாக ஆளும் ஜீப்புக்குள் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"பாட்டு சேர்," என்றேன் சிங்களத்தில். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் அந்த நிமிடம் பாதியாகிவிட்டது. "இவருடைய மகளுக்கு. பாட்டு மிக்ஸ் பண்ணுகிறோம்."

"பாட்டா? போடு பார்ப்போம்."

போட்டேன்.

'டிக்... டிக்டிக்... ட்ர்ர்ர்... டிக்... டிக்டிக்டிக்...'

ஐயோ! அந்தப் பாழாய்ப்போன ரிவேர்ப்! பாட்டின் ஒரு சொல் கூட வெளியே வரவில்லை. சுத்தமாக, அழகாக, விட்டு விட்டு... யாரோ யாருக்கோ ரகசியச் செய்தி அனுப்புகிற மாதிரி அந்தச் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

சார்ஜண்ட் ஓர் அடி பின்னால் போனார். சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான். 

"மே மொகத?" - இது என்ன?

அந்தச் சத்தத்தையும் அந்தத் துவக்கையும் ஒரே நேரத்தில் கேட்டவன், பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எத்தனை வருடம் போனாலென்ன? உடம்பு மறக்குமா?

"மெஷினுக்குப் பாரம் சேர்! ப்ளக்-இன் கூடிப்போச்சு சேர்! கழற்றினால் சரியாகிவிடும்!"

"கழற்று!"

இந்த இடத்தில் என் தொழில் ஞானம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன், மிக்ஸிங் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். குரல் பதியும்போது பஃபர் என்ற ஒரு அளவைக் குறைத்து வைப்போம். மிக்ஸ் பண்ணும்போது அதைக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டினால் கம்ப்யூட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சற்று முன்தான் யோகனைப் பாட வைத்துப் பதிந்திருந்தேன். பஃபர் குறைந்தபடியே கிடந்தது. கூட்டியிருந்தால் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் துவக்கு நிற்கும்போது எவனுக்கு பஃபர் ஞாபகம் வரும்?

எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றுதான். முக்கால் பலத்தைத் தின்கிற அந்த யானையை முதலில் துரத்த வேண்டும். மவுஸை ரிவேர்ப்பின் மேல் கொண்டுபோனேன்.

"அண்ணை, ரிவேர்ப்பை மட்டும் கழட்டாதேங்கோ!"

யார் சொன்னது? சத்தியமாக, யோகன்தான்!

திரும்பிப் பார்த்தேன். மனிதருடைய நெற்றியெல்லாம் வியர்வை. அடையாள அட்டை சார்ஜண்டின் பொக்கெட்டில். இவர் ரிவேர்ப்புக்காக வாதாடுகிறார்!

"யோகன், வாய மூடுங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கம்ப்ரஸரைக் கழட்டுங்கோ. புல்லாங்குழலைத் தூக்குங்கோ. தபேலாவையும் வேணுமெண்டாத் தூக்குங்கோ. அதை மட்டும் தொடாதேங்கோ அண்ணை. பிறகு அதே மாதிரி வைக்கேலாமப் போயிடும்."

"உங்க ரிவேர்ப்பாலதாங்க இந்தச் சனியனே! உசிரு முக்கியமா, ரிவேர்ப்பு முக்கியமா?"

"மற்றதைக் கழட்டிப் பாருங்கோவன் முதல்லை!"

கம்ப்ரஸரைக் கழற்றினேன். டிக் டிக் நிற்கவில்லை. புல்லாங்குழலைத் தூக்கினேன். நிற்கவில்லை. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று நான் கத்த, "தபேலாவிலை இருக்கிற அந்த ஈக்யூ!" என்று அவர் கத்த... நாங்கள் இருவரும் ஒவ்வொரு ஞாயிறும் போடுகிற சண்டையை, ஆயுதம் தாங்கிய இருவருக்கு முன்னால், கொஞ்சம்கூடக் குறைக்காமல் போட்டுக்கொண்டிருந்தோம்.

"கட்ட வஹகன்ன!" என்று கர்ஜித்தார் சார்ஜண்ட். வாயை மூடு என்று அர்த்தம். மூடினோம்.

"இவன் என்ன சொல்கிறான்?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "அந்த எக்கோவைக் கழற்ற வேண்டாமாம் சேர்."

"என்ன?"

"எக்கோ சேர். பாட்டுக்குப் போட்டது. அதைக் கழற்ற வேண்டாமாம்."

சார்ஜண்ட் என்னைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்போது தெரிந்தது கோபமில்லை. அதிர்ச்சி. பல வருடச் சேவையில் எத்தனையோ வகைக் கெஞ்சலைக் கேட்டிருப்பார். இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்.

"நான் இவனை ஜீப்பில் ஏற்றப் போகிறேன் என்று இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்."

"தெரிந்துமா?"

"தெரிந்தும்தான் சேர்."

ஸ்பீக்கர் மட்டும் 'டிக்... டிக்...' என்றது.

"எல்லாவற்றையும் கழற்று," என்றார் சார்ஜண்ட். குரல் இறங்கியிருந்தது.

எல்லாவற்றையும் கழற்றினேன். ரிவேர்ப்பையும்தான். டிக் டிக் நின்றது. வெறும் குரல் வந்தது. இசை இல்லை, முழக்கம் இல்லை. மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. யோகன் எங்கள் மத்தியில் உட்கார்ந்து, காதோரமாக, தன் மகளைத் தூங்கச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார். உண்மையான யோகனோ சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முட்டை அட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

சார்ஜண்ட் முதல் அடிகளைத்தான் கேட்டார். பிறகு பொக்கெட்டிலிருந்து அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். யோகனிடம் கொடுக்கவில்லை, என்னிடம். பொழுதுபடுவதற்குள் யோகன் போர்டிங்குக்குப் போய்விட வேண்டும், ஜன்னல் கம்பளியைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வாசலில் சிப்பாயிடம் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "மே தென்னாட்டம பிஸ்ஸு." இந்த இரண்டு பேருக்குமே பைத்தியம். பிறகு இன்னொன்றும் சொன்னார். "பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லுவான்."

அவர் மனமிரங்கினாரா, பசித்ததா, இல்லை பக்கத்து வீட்டுக்கு நேரமாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு விட்டார். அதே சார்ஜண்ட் வேறு ஒரு நாளில், வேறு ஒரு வீட்டில் விட்டிருப்பாரா? அதுவும் தெரியாது.

ஜீப் சத்தம் மேடு இறங்கியதும் என் பயமெல்லாம் கோபமாக மாறியது. மனைவி கொண்டுவந்த ப்ளேன்டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு யோகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்களுக்கு மூள இருக்கா? நீங்க போயிருந்தா அந்தப் புள்ளைக்கு நான் என்னாங்க பதில் சொல்றது? ஒரு எக்கோவுக்காகச் சாகப் பாத்தீங்களே!"

யோகன் டீயை ஊதினார். குடிக்கவில்லை.

"அண்ணை, இப்ப கேட்டனீங்கள்தானே. ரிவேர்ப் இல்லாட்டி எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு. பக்கத்துல ஒக்காந்து பாடுற மாதிரி."

"அதுதான் அண்ணை பயம். பக்கத்திலை கேட்டாப் பிள்ளை தேடும். கதவுக்குப் பின்னாலை பாக்கும், கட்டிலுக்குக் கீழை பாக்கும். அவளுக்கு இப்ப எல்லாம் விளங்குற வயசு. இல்லாத மனிசனை எங்கையெண்டு தேடும்? தூரத்திலை நிண்டு பாடுற மாதிரி இருந்தாத் தேடாது. அப்பா தூரத்திலை எண்டு விளங்கும்."

எத்தனை ஞாயிறு சண்டை பிடித்திருக்கிறேன்! மண்டபம் எதற்கு, கோயில் எதற்கு என்று எத்தனை கிண்டல்! ஒரு முறையாவது ஏன் என்று கேட்டேனா? அந்த மனிதர் ரிவேர்ப்பை அழகுக்காகப் போடவில்லை. தூரத்துக்காகப் போட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். பஃபரைக் கூட்டினேன். தலையில் அடித்துக்கொண்டேன். புல்லாங்குழல், தபேலா எல்லாவற்றையும் ப்ளக்-இன்னோடு சேர்த்துத் தனித்தனியாகப் பதிந்து இறக்கி, பாரத்தை இல்லாமலாக்கினேன். மிச்சமிருந்த பலம் முழுவதையும் அந்த யானைக்கே கொடுத்தேன். பாட்டு ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. யோகனின் குரல் எங்கேயோ தூரத்தில், ஒரு பெரிய வெளிக்கு அப்பாலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போன ஒரு டொக்டரிடம் சிடியைக் கொடுத்துவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து, வேலை நாள் ஒன்றில், கந்தோர் முடிந்த கையோடு யோகன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

"மனிசி கோல் எடுத்தவ அண்ணை. பாட்டுக் கிடைச்சிட்டுதாம். பிள்ளை கேட்டதாம்."

"புள்ள தேடிச்சா?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

"வீட்டுக்குள்ளை தேடேல்லையாம்."

"அப்பாடா! நீங்க சொன்னது சரிதாங்க."

யோகன் என்னைப் பார்க்கவில்லை. "பாட்டைப் போட்ட உடனை வெளியிலை ஓடுதாம் அண்ணை. படலையைப் பிடிச்சுக்கொண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குதாம். பாட்டு முடிஞ்சாலும் உள்ளுக்கு வருதில்லையாம். தூக்கிக்கொண்டு வந்தாக் கத்துதாம். மனிசி கேக்கிறா... இனிப் போடட்டோ, விடட்டோ எண்டு."

படலை என்றால் வளவின் வாசல் கதவு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை நிற்பது என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை.

மிக்ஸிங் புத்தகங்களில் ரிவேர்ப் குரலைப் பின்னுக்குத் தள்ளும் என்று எழுதியிருக்கும். பின்னுக்குத் தள்ளினால் கேட்கிறவர் பின்னாலேயே போவார் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? வீட்டுக்குள் தேடக்கூடாது என்று நாங்கள் கணக்குப் போட்டோம். பிள்ளை எங்களைவிட நன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள். குரல் தூரத்தில் இருக்கிறதா? சரி, தூரத்தைப் பார்க்கலாம் என்று போய் நின்றுவிட்டாள்.

யோகனின் மனைவி பாட்டை நிறுத்திவிட்டாராம். அலுமாரிக்கு மேல் எடுத்து வைத்துவிட்டாராம்.

கடைசியில் யுத்தம் முடிந்தது, றோட்டுத் திறந்தது. யோகன் முதல் கிடைத்த பஸ்ஸில் போனார். போய்ச் சேர்ந்த அன்றைக்கே எனக்குக் கோல் எடுத்தார். சந்தோஷமாகத்தான் பேசினார். மனைவி மெலிந்துபோயிருக்கிறார், மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது, கிணற்றடி மாமரம் செல் குண்டு பட்டும் காய்க்கிறது என்று எல்லாம் சொன்னார். மகளைப் பற்றி நானே கேட்க வேண்டியிருந்தது.

"படலையைத் திறந்தன் அண்ணை. அவள் அங்கைதான் நிண்டு விளையாடிக்கொண்டிருந்தவள். 'அம்மா, நான் அப்பா' எண்டன். குரல் தெரிஞ்சிட்டுது அவளுக்கு. சத்தியமாத் தெரிஞ்சிட்டுது. கண்ணை விரிச்சுப் பாத்தவள். பிறகு..."

"பிறகு?"

"என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னாலை, றோட்டை எட்டிப் பாத்தவள் அண்ணை."

இதை நான் சொல்லி முடித்தபோது நஸ்ரினா டீச்சர் லேப்டொப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.

"இப்ப அந்தப் புள்ள?"

"வளர்ந்துட்டாங்க டீச்சர். யுனிவர்சிட்டிக்குப் போறாங்க. அப்பா பாடினா காதைப் பொத்திக்கிறாங்களாம்."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். பிறகு மவுஸை எடுத்து, தன் கதையில் போட்டிருந்த ரிவேர்ப்பைத் தானாகவே கழற்றினார். கேட்டுப் பார்த்தார். காக்காய் வடை தூக்கிய கதை, விக்கல் இல்லாமல் ஓடியது. குரல் நம் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்கிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

"சேர், இது ரொம்பப் பக்கத்துல கேக்குதே? புள்ளைகள் டீச்சரத் தேடுவாங்களோ?"

"தேடட்டும் டீச்சர். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தா நீங்க இருப்பீங்க தானே?"

அதுதான் வித்தியாசம். தேடினால் கிடைக்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு ரிவேர்ப் எதற்கு?

ஆகவே, சின்ன மெஷின் வைத்திருக்கும் அன்பர்களே, எதைப் போடுவது எதை விடுவது என்று என்னைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பாரமில்லாத ஈக்யூ ஒன்று, கம்ப்ரஸர் ஒன்று போதும். ரிவேர்ப் கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று போடாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை வையுங்கள். போடுவதற்கு முன்னால், அந்தக் குரலைக் கேட்கிறவர் எங்கே போய்த் தேடுவார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

டீச்சர் புறப்படும்போது வாசலில் நின்று, வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா என்று கேட்டார்.

"பஃபரைக் கூட்ட மட்டும் மறந்துடாதீங்க," என்றேன். "அந்த டிக் டிக் சத்தம் நம்ம ரெண்டு பேருக்குமே ஆகாது."